ஒரு நெருப்பு, இரண்டு வேலை



ஐப்பசி மழை தொடங்கியதும் நம் நகரில் ஆண்டு தவறாமல் ஒரு கேள்வி எழும்: "எத்தனை லிட்டர் கீசர் வாங்கலாம்?" இந்த ஆண்டு அது கொஞ்சம் பெரிதாகிவிட்டது. 24 வீடுகள் உள்ள ஓர் அடுக்ககத்தில், தனித்தனி கீசர்களை எடுத்துவிட்டு மொட்டை மாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே வெந்நீர் ஏற்பாடு செய்யலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வந்திருக்கும் மதிப்பீட்டில் வீட்டுக்கு 100 லிட்டர் வீதம் 2,400 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் முடிவு. பணம் கொடுக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போல ஓய்வூதியத்தில் இருப்பவர்கள்.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பாய்லரைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நாள் முழுக்க எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்து எத்தனை கவுண்டர் வேண்டும் என்று சொல்ல முடியாது. முதல் தேதி காலை பத்து மணிக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு. இன்னொன்றும் உண்டு. முந்தின நாளே கட்டுகளை எண்ணி அடுக்கி வைத்திருந்தால், இரண்டு கவுண்டர் செய்யும் வேலையை ஒரு கவுண்டரே செய்துவிடும். வெந்நீரின் வரலாறு முழுக்க இந்த இரண்டு விஷயங்களுக்குள்தான் சுற்றுகிறது. அந்த வரலாறு நம் வீட்டு அடுக்களையிலேயே தொடங்குகிறது.

நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பலர் கொடி அடுப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். மண்ணால் கட்டி, சாணம் மெழுகிய அடுப்பு. விறகு வைக்க முன்னால் ஒரு வாய், பாத்திரம் ஏற்ற மேலே ஒரு கண். அதை ஒட்டி இன்னொரு கண் இருக்கும்; அதற்கு விறகு வாய் கிடையாது. இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ளுக்குள் ஒரு பொந்து. பெரிய அடுப்பில் எரிகிற தீயின் மிச்ச அனல் அந்தப் பொந்து வழியாகப் போய்ப் பக்கத்துப் பாத்திரத்தைச் சுட வைக்கும். பருப்பு வேகும், பால் காயும், ரசம் ஆறாமல் இருக்கும். இவை முடிந்ததும் அந்தக் கண்ணில் ஒரு தவலைத் தண்ணீர் ஏறும்.

அந்த வெந்நீருக்கென்று தனி விறகு செலவில்லை. எங்கள் மொழியில் சொன்னால் உபரி வரவு. ஆனால் உபரியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சமையல் நடக்கும் வரைதான் அனல். சோறு வடித்து இறக்கிவிட்டால் வெறும் தணல். வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் பெரிய அடுப்பைக் கட்டினார்கள். குளிக்கிற ஆட்களை எண்ணிக் கட்டவில்லை. வெந்நீருக்காகப் பெரிய அடுப்பை இன்னும் பெரிதாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் விறகு வீணாகியிருக்கும். சவுக்கு விறகை எடை போட்டு வாங்கின வீடுகளில் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதைப் படித்த இன்ஜினியர்களும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு 1953-ல் கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லா அடுக்களை என்ற பொருளில் ஒரு சிறு நூல் எழுதினார். ஒரே தீயின் அனலை இரண்டாவது மூன்றாவது பாத்திரங்களுக்கு வரிசையாகக் கொண்டுபோய், கடைசியில் புகைபோக்கி வழியாகப் புகையை வெளியேற்றும் அடுப்பு அவருடையது. நம் கொடி அடுப்போடு ஒரு புகைபோக்கியைச் சேர்த்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகைபோக்கி மட்டும் எல்லா வீட்டுக்கும் அப்போதே வந்திருந்தால், அந்தத் தலைமுறைப் பெண்களின் கண்ணும் நெஞ்சும் எவ்வளவோ பிழைத்திருக்கும்.

கொடி அடுப்பின் தவலை போதாத வீடுகள் வெந்நீருக்குத் தனி நெருப்பு வைத்தன. கொல்லைப்புறத்தில் மூன்று கல்லின் மேல் அண்டா. வசதியுள்ள வீடுகளில் செம்பு பாய்லர். இந்தச் செம்பு பாய்லர் ஒரு நல்ல யோசனை. வெளியே உருளை வடிவில் செம்புக் கூடு. நடுவே மேலிருந்து கீழ் வரை ஒரு குழல். குழலுக்குள் அடுப்புக்கரி, சிராய், கொட்டாங்குச்சி போடுவார்கள். அடியில் சல்லடை, அதன் கீழே சாம்பல் தட்டு. கூட்டுக்கும் குழலுக்கும் நடுவில் தண்ணீர். நெருப்பைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் வெப்பம் அதிகம் வெளியே ஓடாது. மூன்று கல் அடுப்பில் அண்டாவைத் தாண்டிக் கொல்லைக் காற்றைச் சுட வைத்த அனலில் பெரும்பகுதி இதில் தண்ணீருக்கே போய்ச் சேரும். ரஷ்யாவில் தேநீருக்கு வைத்திருக்கும் சமோவார் இதே அமைப்புதான்.

சிலவற்றில் அடியில் குழாய் இருக்கும். வேறு சிலவற்றில் குழாய்க்குப் பதில் மேலே ஒரு புனல். அந்தப் புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால்தான் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். பச்சைத் தண்ணீர் அடியில் போய்ச் சேரும், மேலே மிதக்கும் வெந்நீர் வெளியே தள்ளப்படும். இன்றைக்கு உங்கள் குளியலறைக் கீசரும் அதையேதான் செய்கிறது. அந்தச் செம்பு பாய்லரில் இன்னொரு நன்மையும் இருந்தது. வெந்நீர் எடுத்தவன் பச்சைத் தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டும் என்பதால், அடுத்து வருகிறவருக்குப் பாய்லர் எப்போதும் நிறைந்தே இருக்கும். நெருப்பின் மேல் வெறும் செம்பு காய்ந்துபோகாது.

இனி எவ்வளவு பெரிய பாய்லர் என்ற கேள்வி. அந்த வீடுகளில் வருஷத்துக்கு ஒருநாள்தான் முழுச் சுமை: தீபாவளி விடியல். எல்லோருக்கும் எண்ணெய் முழுக்கு, எல்லோரும் விடிவதற்குள், எல்லோருக்கும் வெந்நீர். முந்தின நாள் மாலையே பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்துத் தண்ணீர் நிரப்பி வைப்பது பல வீடுகளில் வழக்கம். ஆனால் தீபாவளிக்காக யாரும் பெரிய பாய்லர் வாங்கியதில்லை. விடிகாலை மூன்றரைக்கே எழுந்து பற்றவைத்தார்கள், அவ்வளவுதான். மற்ற நாட்களுக்கு முறை இருந்தது. பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்கு சனி எண்ணெய்க் குளியல். காரணமாகச் சொன்னது வேறு என்றாலும், கூட்டத்தை இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பும் காரியத்தை அந்த முறை அழகாகச் செய்தது. மூன்றரைக்கு எழுந்தது யார் என்று கேட்டால், அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே விடைதான் வரும். பாய்லர் சின்னதாக இருந்ததன் மீதி விலையைக் கொடுத்தது அவர்களுடைய தூக்கம்.

இதுவரை சொன்னது வெந்நீர். ஆவிக்கு வருவோம். பாய்லர் என்றாலே ஆலை, ரயில் இன்ஜின் என்று நினைக்கிறோம். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு நீராவிக் கொதிகலன் உண்டு. அதன் பெயர் இட்லிப் பானை. அடியில் தண்ணீர், மேலே தட்டு, மூடி. அதற்குள் ஒரு பழைய காசைப் போட்டு வைக்கும் வழக்கம் பலருக்கு நினைவிருக்கும். தண்ணீர் கொதிக்கும்போது காசு கடகடவென்று ஆடும். தண்ணீர் வற்றினால் சத்தம் நிற்கும், உடனே ஊற்ற வேண்டும். பெரிய பாய்லர்களில் தண்ணீர் மட்டம் காட்டக் கண்ணாடிக் குழாய் வைக்கிறார்கள். மட்டம் ஆபத்தாக இறங்கினால் உருகி எச்சரிக்கும் ஈய அடைப்பானும் வைக்கிறார்கள். பத்து பைசாவில் நம் வீட்டில் அதே வேலை நடந்தது.

ஆவியும் வெந்நீரும் ஒரே நெருப்பில் கிடைக்கும் பாய்லரைப் பார்க்க வேண்டுமானால், பழைய பாணி டீக்கடைக்குப் போக வேண்டும். மேடை மேல் பளபளவென்று நிற்கும் செம்பு அல்லது பித்தளைப் பாய்லர். நடுக்குழலில் கரி. சுற்றிலும் கொதிக்கும் தண்ணீர். குழாயைத் திறந்தால் டிகாக்‌ஷனுக்கும் கிளாஸ் கழுவவும் வெந்நீர். மேலே ஆவியில் உட்கார்ந்திருக்கும் பால் பாத்திரம் அடிப்பிடிக்காமல் நாள் முழுக்கச் சூடாக இருக்கும். ஒரு நெருப்பு, இரண்டு வேலை. டீ மாஸ்டர்கள் அந்தப் பாய்லரின் அளவைப் பால் பாத்திரத்தை வைத்து நிர்ணயிக்கவில்லை. பாலைச் சூடாக வைத்திருக்க ஆவி கொஞ்சம் போதும். காலை ஆறு மணிக்கு ரயில் பிடிக்கப் போகிறவர்கள் பெஞ்சைச் சூழ்ந்து நிற்கும்போது எத்தனை கிளாஸ் வெந்நீர் தொடர்ந்து இறங்க வேண்டும் என்பதுதான் அளவு. அந்த வேலையில் பெரிய வாடிக்கையாளர் வெந்நீர்; ஆவி சின்ன வாடிக்கையாளர். இதை நினைவில் வையுங்கள். பின்னால் கணக்குப் போடும்போது உதவும்.

டீக்கடை பாய்லர் வெடிக்காததற்குக் காரணம், அது அழுத்தம் சேர விடாமல் திறந்தே இருப்பது. மூடி இறுக்கினால் கதை வேறு. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே 1864-ல் வங்காளத்தில் பாய்லர்களைச் சோதிக்க நாட்டின் முதல் சட்டம் வந்தது. மாகாணத்துக்கு மாகாணம் வெவ்வேறாக இருந்த விதிகளை ஒன்றாக்கியது 1923-ம் ஆண்டு இந்திய பாய்லர் சட்டம். அதில் ஒரு சுவையான எல்லைக்கோடு இருந்தது. ஐந்து கேலன், அதாவது 22.75 லிட்டருக்கு மேற்பட்ட மூடிய கலத்தில் அழுத்தத்தோடு ஆவி உண்டாக்கினால்தான் சட்டத்தின் கண்ணில் அது பாய்லர். அதற்குக் கீழே இருந்தால் இல்லை. 2007 திருத்தத்தில் அது 25 லிட்டர் ஆனது. நூறு டிகிரிக்குக் கீழே தண்ணீரை வெறுமனே சுடவைக்கும் கலங்களுக்கும் விலக்கு என்று தெளிவாக எழுதினார்கள். 2025-ல் பழைய சட்டத்துக்குப் பதில் புதிய பாய்லர் சட்டமே வந்துவிட்டது. மொட்டை மாடியில் பொதுவாக ஆவி பாய்லர் வைத்து அதிலிருந்தே வெந்நீரும் எடுக்கலாமே என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் 24 வீட்டுக்கான ஆவி பாய்லர் என்றால் பதிவு, ஆண்டுதோறும் சோதனை, தகுதி பெற்ற ஆள் என்று ஒரு சின்னத் தொழிற்சாலையை நாம் தலைக்கு மேல் ஏற்றிக்கொள்கிறோம்.

வீட்டுக்குள் ஆவி பாய்லர் என்பது உண்மையில் குளிர் நாட்டுச் சரக்கு. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் என்ற ஊரில், பேர்ட்சில் ஹோலி என்பவர் 1877-ல் தரைக்கடியில் குழாய் போட்டுப் பல கட்டடங்களுக்கு நீராவி அனுப்பினார். 1882-ல் நியூயார்க் நகரத்தில் தொடங்கிய ஆவி விநியோகம் இன்றும் நடக்கிறது. தனி வீடுகளில் நிலவறையில் பாய்லர், அறைதோறும் ரேடியேட்டர். அங்கேயும் நம் கேள்விதான் வந்தது: அறைகளுக்கு ஆவி கொடுக்கும் இந்தப் பாய்லரே குளிக்க வெந்நீரும் தந்தால் என்ன? அதற்காக எவ்வளவு பெரிதாக வாங்க வேண்டும்?

அவர்கள் கண்ட விடையைப் பாருங்கள். ஆவி பாய்லரின் அளவை வீட்டின் குளிரை வைத்து நிர்ணயிப்பதில்லை. ரேடியேட்டர்களின் மொத்தப் பரப்பை வைத்து நிர்ணயிக்கிறார்கள். ஒரு சதுர அடி ரேடியேட்டருக்கு மணிக்குச் சுமார் 60 கிலோகலோரி. குழாய்கள் சூடேறுவதற்கு அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு. ஏனென்றால் ஆவி ஒரே வீச்சில் எல்லா ரேடியேட்டரையும் நிரப்ப வேண்டும். பாய்லர் சிறிதானால் பக்கத்து அறை கொதிக்கும், கடைசி அறை சில்லிட்டுக் கிடக்கும். சரி, வெந்நீருக்கு எவ்வளவு சேர்ப்பது? பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்பதுதான் அனுபவம் சொன்ன பதில். பாய்லர் தண்ணீருக்குள் ஒரு சுருள் குழாயை இறக்கி, அதன் வழியே குளிக்கும் தண்ணீரை ஓட விட்டு, பக்கத்தில் ஒரு சேமிப்புத் தொட்டியை வைத்துவிட்டால் போதும். தொட்டி நிறையும் இருபது நிமிஷத்துக்கு அறைகள் காத்திருக்கும், யாருக்கும் தெரியாது. சேமிப்பு இல்லாமல், குழாயைத் திறந்த நொடியே வேண்டும் என்றால்தான் பாய்லர் வீங்கும்.

பாய்லர் தண்ணீரையே குழாயில் விட்டால் என்ன, ஏன் சுருள் என்று கேட்பீர்கள். ஆவி போகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு அடியில் தங்கிவிடும். ரேடியேட்டரில் குளிர்ந்த ஆவி திரும்பவும் பாய்லருக்கே தண்ணீராக வருவதால் அங்கே புதிய உப்பு சேர்வதில்லை. குளிக்கத் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருந்தால் தினமும் புதுத் தண்ணீர், தினமும் புது உப்பு. போர் தண்ணீரில் ஓடும் கீசரின் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். என் வீட்டில் கழற்றியபோது சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தது.

அவர்களுக்கு ஒரு தொல்லை மிஞ்சியது. கோடையில் அறைக்குச் சூடு வேண்டாம். ஆனால் குளிக்க வெந்நீர் வேண்டும். ஒரு வாளி வெந்நீருக்காக வீடு முழுவதற்குமான பாய்லரை எரிக்க வேண்டியதாயிற்று. கொடி அடுப்பின் குறையும் இதுவேதான்: பெரிய வேலை இல்லாதபோது சின்ன வேலைக்கு நெருப்பு அதிகச் செலவு. அதனால் வெந்நீர் தனி வழி தேடிப் போனது. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் மாகன் என்ற பெயின்டர், எரிவாயுவால் தண்ணீரைச் சுட வைக்கும் கருவி ஒன்றைச் செய்து, ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரைச் சேர்த்து கீசர் என்றார். புகை வெளியேற வழியில்லாத, ஆபத்தான கருவி அது. பெயர் மட்டும் நம் ஊரில் நிலைத்துவிட்டது. 1889-ல் பிட்ஸ்பர்கில் எட்வின் ரூட் சேமிப்புத் தொட்டியோடு தானாக இயங்கும் ஹீட்டரைக் கொண்டுவந்தார்.

நம் வீடுகளில் அந்தப் பிரிவினையைச் செய்தது கேஸ் அடுப்பு. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மண்ணடுப்பு போய், நடுவில் கிருஷ்ணாயில் பம்ப் ஸ்டவ், மரத்தூள் அடுப்பு என்று சில காலம் ஓடி, கேஸ் வந்ததும் கொடி அடுப்பு காணாமல் போனது. இரண்டு பர்னரும் இருக்கின்றன; ஆனால் ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குப் போவதில்லை. திருகினால் எரியும், திருகினால் அணையும், மிச்ச அனல் கிடையாது. புகை போனது எவ்வளவு பெரிய விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதோடு உபரியாகக் கிடைத்த வெந்நீரும் போனது. அதுவரை கணக்கில் வராமல் இருந்த வெந்நீர், அன்றிலிருந்து ஈ.பி. பில்லில் ஒரு செலவுக் கணக்கானது. முதலில் வாளியில் தொங்கவிடும் இம்மர்ஷன் ராடு, பிறகு கீசர்.

சூரியனிடம் போனவர்களும் பழையவர்கள்தான். 1891-ல் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் விற்ற சூரிய ஹீட்டர், மாலை வரை நன்றாகச் சுட்டது; இரவில் ஆறிப்போனது. 1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி தொட்டியைத் தனியாகப் பிரித்து, சுற்றிலும் வெப்பம் போகாமல் பொதிந்து, மேலே வைத்தார். மறுநாள் காலையும் வெந்நீர். நம் மொட்டை மாடிகளில் இன்று சாய்ந்து நிற்பது பெய்லியின் யோசனை. நம் பக்கத்திலேயே ஆவிக்கும் சூரியனைப் பயன்படுத்துகிறார்கள். ஆரோவில் பொது சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் போன்ற கண்ணாடி அமைப்பு சமையலுக்கு ஆவி தருகிறது; மேகம் வந்தால் துணைக்கு டீசல் பாய்லர். திருமலையில் 106 பெரிய கண்ணாடித் தட்டுகள் நாளைக்கு 4,000 கிலோ ஆவி கொடுக்கும்படி அமைத்தார்கள். சுமார் 15,000 பேருக்குச் சமையல். வீடுகளுக்கான சூரிய ஹீட்டர்களுக்கு 2000-களின் நடுவில் மத்திய அரசு, வங்கிகள் வழியாக 2 சதவீத வட்டியில் கடன் கொடுத்தது. அவ்வளவு குறைந்த வட்டிக்கும் அன்று ஆள் வரவில்லை என்பதைக் கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

இனி கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோகலோரி. மின்சாரம் ஒரு யூனிட் என்றால் 860 கிலோகலோரி. மார்கழி காலையில் டேங்க் தண்ணீர் 25 டிகிரி என்று வையுங்கள். குளிக்க 40 டிகிரி சுகமாக இருக்கும். ஒருவருக்கு ஒரு வாளி, 20 லிட்டர். நால்வருக்கு 80 லிட்டர், 15 டிகிரி உயர்வு: 1,200 கிலோகலோரி. சுமார் 1.4 யூனிட்.

அதே வீட்டில் இட்லிக்கு? பானையில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 75 கிலோகலோரி. அதில் 300 மில்லி ஆவியாகப் போனால், கிலோவுக்கு 540 வீதம் 162. மொத்தம் 240-க்குள் முடிந்துவிடும். குளியலுக்கு ஆவதில் ஐந்தில் ஒரு பங்கு! ஆவி என்றால் பெரிய சக்தி, வெந்நீர் என்றால் அற்பம் என்று நினைக்கிறோம். வீட்டுக் கணக்கில் நேர் எதிர். டீக்கடை பாய்லரில் பார்த்த அதே சங்கதி. இட்லி பாய்லரிலேயே குளிக்கவும் தண்ணீர் எடுப்பது என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமானால் அது ஆறு மடங்கு பெரிதாக வேண்டும். முந்தின நாளே சுடவைத்துப் பொதிந்து வைத்தால் பெரிதாகவே வேண்டாம்.

இப்போது அந்த 2,400 லிட்டர். தொட்டியில் 60 டிகிரியில் இருக்கும் வெந்நீரோடு 25 டிகிரி தண்ணீரைக் கலந்து 40 ஆக்கினால், 80 லிட்டர் குளியலுக்குத் தொட்டியிலிருந்து இறங்குவது 34 லிட்டர்தான். 24 வீட்டிலும் நான்கு பேர் என்றே வைத்தாலும் 816 லிட்டர். உண்மையில் பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில், வயதானவர்கள் இருவர் மட்டும். நீளக் குழாயில் ஆறிப்போவது, விருந்தாளி, பாத்திரம் கழுவ என்று தாராளமாகச் சேர்த்தாலும் 1,200 லிட்டருக்கு மேல் எனக்குக் கணக்கு போகவில்லை. மதிப்பீட்டில் பாதி. 100 லிட்டர் என்பது தனி வீட்டுக்குச் சந்தையில் கிடைக்கும் சிறிய அளவு. தனி வீட்டுக்கு அது சரி. அதை அப்படியே 24-ஆல் பெருக்குவது, 24 வீட்டுக்காரரும் ஒரே முதல் தேதி பத்து மணிக்குக் கவுண்டருக்கு வந்து மொத்தப் பணத்தையும் எடுப்பார்கள் என்று எண்ணுவது போல.

மழைக்காலத்துக்காகப் பெரிதாகப் போடுகிறோம் என்று ஒரு வாதம் வரும். நம் ஊரில் வெந்நீர் தேவைப்படுவதே ஐப்பசி முதல் தை வரை. அதில் பாதி நாள் வடகிழக்குப் பருவமழை மூட்டம். மூன்று நாள் வெயிலே இல்லையென்றால் 2,400 லிட்டர் பச்சைத் தண்ணீரும் 1,200 லிட்டர் பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான். சித்திரையிலோ டேங்க் தண்ணீரே கையைச் சுடும். பெரிய தொட்டி சும்மா கொதித்துக் கிடக்கும். பெரிதாகப் போடும் பணத்தில் சிறிய மின் துணை ஹீட்டர் வைத்துக்கொள்வது மேல். ஆரோவில்காரர்கள் டீசல் பாய்லரைத் துணைக்கு வைத்தது இதற்காகத்தான்.

மின் துணையும் வராத நாள் ஒன்றை முடிச்சூர்க்காரர்கள் பார்த்திருக்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி நம் தெருக்களில் படகு ஓடியபோது, மின்சாரம் இல்லை, சூரியன் இல்லை, மோட்டார் மூழ்கிக் கிடந்தது. மாடியில் ஒதுங்கியிருந்த கைக்குழந்தைக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் வெந்நீர் கிடைத்தது, யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு மேலே ஏறிய ஒரு சிலிண்டராலும் ஒரு அண்டாவாலும்தான். பொது ஏற்பாடு எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு மாடியிலும் கரண்டில்லாமல் தண்ணீர் காய்ச்ச ஒரு வழி தனியாக இருக்கட்டும் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லப்போகிறேன்.

இன்னொரு வேண்டுகோள். உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய செம்பு பாய்லர் இருந்தால் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து, எத்தனை சொம்பு கொள்கிறது என்று அளந்து, வீட்டில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பட்டியலாகப் போடலாம்.